அந்த வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக் காத்திருக்கும் உம்மா வாப்பாமார், அம்மா அப்பாமார், கடை வைத்திருப்பவர்கள், நிறுவனம் நடத்துபவர்கள், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகளின் போன்களில் ஒரு வகைக் காணொளி ஓயாமல் சுற்றுகிறது. வெளிநாட்டு ரியாலிட்டி ஷோக்களில் வரும் நேர்முகப் பரீட்சைத் துண்டுகள். பெரிய மேசை. அந்தப் பக்கம் கோட் போட்ட முதலாளி. இந்தப் பக்கம் வியர்த்துப்போய் இருக்கும் ஒரு பிள்ளை. முதலாளி அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்கிறார். பிள்ளை தடுமாறுகிறது. கீழே நம் ஆட்கள் எழுதுகிறார்கள்: "இதுதான் உண்மையான இன்டர்வியூ", "இதைத் தாங்காதவனுக்கு எதுக்கு வேலை?", "பொம்புளைப் புள்ளைகளிட்ட இதைக் கேட்கத்தானே வேணும்".

உயர்தரம் முடித்த பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைக்குத் தயார்படுத்தி அனுப்புகிற ஆசிரியர்கள் நாங்கள். இந்தக் கருத்துகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எங்களால் முடியாது. ஏனென்றால் அந்தக் காணொளியைப் பார்த்து வளர்கிறவர் நாளைக்கு வவுனியாவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காருவார். அவர் முன்னால் எங்கள் பிள்ளை உட்காரும்.

முதலில் அந்த நிகழ்ச்சியைப் பற்றி.

'த அப்ரண்டிஸ்' என்ற நிகழ்ச்சி 2004இல் அமெரிக்காவில் தொடங்கியது. பிறகு ஜனாதிபதியான டொனால்ட் ட்ரம்ப்தான் அங்கே முதலாளி. 2005இல் அது பிரித்தானியாவுக்கு வந்தது. பி.பி.சி.யில் அலன் சுகர் என்ற தொழிலதிபர் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். ஆரம்ப வருடங்களில் வெல்பவருக்குப் பரிசு வருடத்துக்கு 100,000 பவுண் சம்பளத்தில் அவருடைய கம்பனியில் வேலை. ஆகவே அது வெறும் விளையாட்டு இல்லை. கமரா முன்னால் நடந்த ஆள் சேர்ப்பு.

2007ஆம் ஆண்டுத் தொடரில் கேட்டி ஹொப்கின்ஸ் என்ற பெண் கடைசிக் கட்டம் வரை வந்தார். இறுதிச் சுற்றுக்கு முந்திய அந்த இடத்தில் பேச்சு அவருடைய பிள்ளைகளுக்குத் திரும்பியது. வேலைக்காக இடம் மாறினால் பிள்ளைகளை யார் பார்ப்பது, வீட்டு ஏற்பாடு என்ன என்று கேள்விகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் காரணம் சொல்லி அவர் அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து விலகினார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

பிரித்தானியாவில் 1975 முதல் பால் அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்டாலே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் பெண்ணிடம் மட்டும் கேட்டு ஆணிடம் கேட்காமல் விட்டால் அது பாகுபாட்டுக்கு ஆதாரமாகும். ஒரு தகப்பனிடம் "நீ வேலைக்கு வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று முதலாளி குடைந்து குடைந்து கேட்டதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தொலைக்காட்சியில் வேண்டாம், நம் ஊரிலாவது?

அடுத்த வருடம், 2008இல், அதே அலன் சுகர் ஒரு பத்திரிகைக்குச் சொன்னதன் சாரம் இது: பெண்களிடம் பிள்ளை பெறுவதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்கிறார்கள், அப்படியென்றால் வழி சுலபம், அவர்களை வேலைக்கே எடுக்காமல் விட்டால் போச்சு. இதைச் சொன்னவரை அதற்கு அடுத்த வருடம், 2009இல், அந்த நாட்டு அரசாங்கம் பிரபுவாக்கியது. தொழில் முயற்சிக்கான ஆலோசகர் பதவியும் கொடுத்தது. நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

அந்தக் கேட்டி ஹொப்கின்ஸ் பிறகு என்ன ஆனார் தெரியுமா? குடியேறிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராக வெறுப்பை எழுதியே பெயர் எடுத்தார். 2015இல் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்த அகதிகளைக் கரப்பான் பூச்சிகளோடு ஒப்பிட்டு எழுதினார். படகேறிப் போன பிள்ளைகள் உள்ள வீடுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நம்மையும் நம் பிள்ளைகளையும் மனிதராக மதிக்காதவர் அவர்.

அப்படியிருந்தும் சொல்கிறோம்: அவரை அந்த மேசையில் அப்படி நடத்தியது அநியாயம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி செய்வதிலிருந்து உங்களைத் தடுத்துவிடக் கூடாது என்ற போதனை நமக்கு மார்க்கத்தில் இருக்கிறது. மிம்பரில் அடிக்கடி கேட்கிற போதனைதான். பிடிக்காத ஆளுக்கும் நீதி கேட்கத் தெரியாவிட்டால், பிடித்த ஆளுக்கு நாம் கேட்பதன் பெயர் நீதி இல்லை, பக்கச்சார்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓர் இடத்தில் திரும்பவும் இது தேவைப்படும்.

தொலைக்காட்சி ஏன் இதைச் செய்கிறது? அங்கே விற்கப்படுவது வேலை இல்லை, அவமானம். ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்து காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அழுதால் பார்ப்பார்கள். அதனால் அழவைக்கிற கேள்வியைத் தேடுகிறார்கள். மணிக்கணக்கில் எடுத்ததை வெட்டி ஒட்டி மூன்று நிமிடமாக்குகிறார்கள். அதைப் பார்த்து "இதுதான் இன்டர்வியூ" என்று படிக்கிறவர், குத்துச்சண்டைப் படம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி நடத்த வருகிறவரைப் போன்றவர்.

நமக்குப் பக்கத்திலும் இது இருக்கிறது. 2023இல் சீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிள்ளையும் மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளையும் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பட்டத்தையும் வென்று வந்தது. நாமும் வீட்டில் உட்கார்ந்து கைதட்டினோம். சந்தோசம்தான். ஆனால் அந்த மாதிரி மேடைகளில் குரலுக்குச் சமமாக யுத்தமும் வறுமையும் கேட்கப்படுகிறதே, அதைக் கவனித்தீர்களா? சென்னையில் இருந்து வரும் பிள்ளையிடம் சுதி, தாளம். நம் பிள்ளையிடம் யார் செத்தார்கள், எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. என்றாலும் திறமையைக் காட்ட வந்த இடத்தில் காயத்தையும் திறந்து காட்டவேண்டும் என்ற பாடத்தை நம் சின்னப் பிள்ளைகள் அதில் படித்துக்கொள்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

எங்களிடம் படித்த பிள்ளைகள் வேலை தேடிப் போய்த் திரும்பி வந்து சொன்ன கேள்விகளைக் கீழே தருகிறோம். எந்த நிறுவனம், எந்தக் கடை, யார் கேட்டது என்று எழுத மாட்டோம். கேட்டவர்களுக்குத் தெரியும்.

"கல்யாணம் முடிச்சா? எப்ப முடிக்கப்போறீங்க?"

"முடிச்சிட்டீங்க, சரி. அடுத்த புள்ளை எப்ப?"

"இந்த அபாயாவோடதான் வருவீங்களா?"

"அடையாள அட்டையில புத்தளம் விலாசம் இருக்கு. அப்ப நீங்க இந்த ஊர் ஆள் இல்லையே?"

"நீங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன தொழில் செய்தவர்?"

"இயக்கத்தில இருந்தனீங்களா? புனர்வாழ்வு பெற்ற ஆளா?"

"புருசன் எங்க?"

ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். இதில் எந்தக் கேள்விக்கான பதில், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எழுதத் தெரியுமா, தையல் மெசினில் உட்காரத் தெரியுமா, வாடிக்கையாளரோடு மரியாதையாகக் கதைக்கத் தெரியுமா என்பதைச் சொல்லும்?

புத்தளம் விலாசம் என்ற கேள்வியைப் பார்ப்போம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போன சனம் பெரும்பாலும் புத்தளத்தில்தான் ஒதுங்கியது. அங்கே முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த விலாசத்தில்தான் அடையாள அட்டை கிடைக்கும். 2009க்குப் பிறகு குடும்பம் நீராவிப்பிட்டிக்கோ நாச்சிக்குடாவுக்கோ சாளம்பைக்குளத்துக்கோ திரும்பி வந்து, காடு வெட்டி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டத்துக்கு அலைந்து திரிகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து "நீ இந்த ஊர் ஆள் இல்லை" என்றால் என்ன அர்த்தம்? துரத்தியது ஒரு தரப்பு. துரத்தப்பட்டதற்கான தண்டனை மட்டும் இன்னும் பிள்ளைக்கு.

புத்தளத்தில் இருக்கும்போது "நீங்கள் அகதிகள், வடக்குக்குப் போய் வேலை கேளுங்கள்" என்று கேட்டவர்கள் நாங்கள். இங்கே வந்தால் "புத்தளத்துக்குப் போய்க் கேளுங்கள்". அப்படியென்றால் எங்கள் பிள்ளை எங்கே போய்க் கேட்பது? கடலிலா?

அபாயாக் கேள்வி. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்ததும், அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டதும் நமக்குத் தெரியும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அதை விசாரித்து, நடந்தது உரிமை மீறல் என்ற முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை அங்கே கடமைக்குத் திரும்பிப் போன நாளில் மறுபடியும் குழப்பம். இடையில், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அரச அலுவலகப் பெண்கள் சேலைதான் உடுக்க வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கையையே விட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழு எதிர்ப்புத் தெரிவித்த பின்தான் அதை மாற்றினார்கள். அந்த ஆசிரியைகள் பாடம் ஒழுங்காகப் படிப்பித்தார்களா, பிள்ளைகள் சித்தியடைந்தார்களா என்ற கேள்வி இந்தச் சண்டை முழுவதிலும் எங்கேயாவது பெரிதாகக் கேட்டதா?

"சரி, கேட்காமல் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?" என்று சிலர் சொல்வார்கள். தீராது. அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே சாட்சி. 2008இல் ஒக்லஹோமா மாநிலத்தில் சமந்தா எலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பிள்ளை அபர்குரோம்பி அன்ட் ஃபிட்ச் என்ற உடுப்புக் கடைக்கு வேலை கேட்டுப் போனது. தலையில் ஹிஜாப். நேர்முகப் பரீட்சை நடத்தியவர் ஹிஜாபைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல புள்ளியும் போட்டார். பிறகு மேலே இருந்த முகாமையாளரிடம் கதைத்தார்கள். தோற்றத்துக்கான புள்ளி குறைக்கப்பட்டது. வேலை இல்லை. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. "அந்தப் பிள்ளை மார்க்கக் காரணத்துக்காக விதிவிலக்குத் தாருங்கள் என்று எங்களிடம் கேட்கவே இல்லையே" என்பதுதான் கம்பனியின் வாதம். 2015 ஜூன் 1ஆம் திகதி 9 நீதிபதிகளில் 8 பேர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேலை மறுத்ததற்கான காரணம் ஹிஜாப் என்றால், பிள்ளை வாய் திறந்து சொன்னதா இல்லையா என்பது சாட்டு ஆகாது.

ஆகவே அலன் சுகர் சொன்ன "கேட்காமலே விட்டுவிடுவோம்" என்ற வழிக்கும் கதவு சாத்தப்பட வேண்டும். கேள்வியை மட்டும் தடுத்தால் போதாது. என்ன காரணத்துக்காகப் புள்ளி போட்டோம் என்று எழுதிவைக்கச் செய்ய வேண்டும்.

இனி எங்களில் சிலருக்குக் கசக்கப் போகிற இடம்.

"இயக்கத்தில இருந்தனீங்களா?" என்ற கேள்வி. 2009க்குப் பிறகு சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வெளியே வந்தார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கமே "இவர் புனர்வாழ்வு பெற்றுவிட்டார்" என்று கடிதம் கொடுத்து அனுப்பிய ஆள், அந்தக் கடிதத்தைக் காட்டியதாலேயே வேலை இழக்கிறார். காட்டாமல் விட்டால் பொய் சொன்னவர் ஆகிறார்.

"எங்களைத் துரத்தியவர்களுக்கு நீங்கள் ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறோம். 1990இல் நடந்தது அநியாயம். அதை யார் மறைத்தாலும் நாங்கள் மறைக்க மாட்டோம், மறக்கவும் மாட்டோம். ஆனால் 2008இல் பதினாறு வயதில் இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பிள்ளை 1990இல் பிறந்திருக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு மேசன் வேலை தெரியுமா என்பதுதான் கேள்வியாக இருக்க முடியும். மேலே கேட்டி ஹொப்கின்ஸுக்குச் சொன்ன அதே சட்டம்தான் இங்கேயும். பிரித்தானியாவில் இருக்கிற ஒருவருக்கு நீதி பேசுவது லேசு. பக்கத்து ஊரில் இருக்கிறவருக்குப் பேசுவதுதான் கஷ்டம்.

"புருசன் எங்க?" இதை விடக் கொடூரமான கேள்வி வன்னியில் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டதும் அதே கேள்விதான். அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டார்கள். பதில் வரவில்லை. அரசாங்கமே பதில் சொல்லாத கேள்வியை, கூலி வேலைக்கு வந்து நிற்கும் அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கேட்கிறார் ஒரு சூப்பர்வைசர். அதுவும் மூன்று பேருக்கு முன்னால். சில இடங்களில் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு நோக்கமும் இருக்கிறது, பெண்களுக்கு அது விளங்கும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். நியாயமானவையும் அதில் இருக்கின்றன, தட்டிக்கழிக்கக் கூடாது.

"என்ட காசு, என்ட கடை. நான் விரும்பினவரை எடுப்பன்" என்பது ஒன்று. அண்ணன், உங்கள் கடைக்கு வாங்க வருகிற சனத்தில் எந்த மதம், எந்தச் சாதி, எந்தப் பக்கம் என்று நீங்கள் பார்ப்பதில்லையே. காசு வாங்கும்போது எல்லாரும் மனிதர். சம்பளம் கொடுக்கும்போது மட்டும் கிளை பார்த்தால் அது எப்படி வியாபாரம்?

"பழக்கி எடுக்கிறோம், கல்யாணம் முடிச்சிட்டு விட்டுட்டுப் போயிடுறாங்க" என்பது இன்னொன்று. உண்மைதான், நடக்கிறது. ஆனால் ஆண் பிள்ளைகள் பழகிவிட்டு கட்டாருக்கும் சவூதிக்கும் போவதில்லையா? பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா என்று நேர்முகப் பரீட்சையில் அவர்களிடம் கேட்டீர்களா? போகக்கூடியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்துப் பெண்ணை மட்டும் கழித்துவிடுகிறீர்கள். வேண்டுமென்றால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: குறைந்தது ஒரு வருடம் நிற்க முடியுமா? இது வேலையைப் பற்றிய கேள்வி. இதில் குற்றமில்லை.

"பிரசவ லீவு 84 நாள், சம்பளம் நான்தான் கொடுக்கவேணும். சின்னக் கடைக்காரனால முடியுமா?" என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் அந்தச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில்தான் விழுகிறது. பல நாடுகளில் சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து அதைக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் வர்த்தகர் சங்கங்கள் அந்த ஏற்பாட்டை அரசாங்கத்திடம் கேட்கட்டும். நாங்களும் கூட வந்து கேட்கிறோம். அதை விட்டுவிட்டு, வேலை கேட்டு வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் கர்ப்பப்பையைக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்?

இந்தியாவில் 2021 டிசம்பர் கடைசியில் ஸ்டேட் பாங்க் ஒஃப் இந்தியா, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தற்காலிகமாக வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று சுற்றறிக்கை போட்டது. எதிர்ப்பு வந்தது. 2022 ஜனவரியிலேயே மீளப் பெற்றுக்கொண்டது. அவ்வளவு பெரிய வங்கியையே பின்வாங்க வைக்க முடிந்தது சனம் வாய் திறந்ததால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றுக்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மேலே நாம் எழுதிய கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போடலாம். தனியார் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அந்த வழியில் உயர் நீதிமன்றம் போக முடியாது. 12(3)ஆம் உறுப்புரை கடைக்கும் ஹோட்டலுக்கும் உள்ளே போவதைத் தடுக்கக்கூடாது என்கிறது. அதே கடையில் வேலை கேட்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தொழிலில் பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேசத் தொழிலமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. கையெழுத்துப் போட்டதற்கு ஏற்ற மாதிரி தனியார் துறை ஆள் சேர்ப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேட்பது நம் உரிமை. வோட்டுக் கேட்டு வருகிற வன்னி மாவட்ட எம்.பி.மாரிடம் கொங்கிரீட் வீதியோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

இனி எங்கள் வீட்டுக்குள்ளே. மற்றவரைச் சொல்லிவிட்டு இதை விட்டால் இந்தப் பதிவுக்குப் பெறுமதியே இல்லை.

முஸ்லிம் முதலாளிமாரின் கடைகளில் இந்தக் கேள்விகள் கேட்கப்படுவதில்லையா? "தமிழ்ப் புள்ளை வேணாம், நோன்பு காலத்துல சரிவராது" என்று சொல்கிறவர்கள் இல்லையா? "நம்ம ஜமாஅத் ஆளா?" என்று பார்த்துத்தானே மத்ரஸாவுக்கு உஸ்தாதும் முஅல்லிமாவும் எடுக்கிறீர்கள்? முன்பள்ளிக்கு ஆசிரியை எடுக்கும்போது "மாப்பிள்ளை என்ன செய்றார்? அவர்ட சம்பளம் இருக்குத்தானே, உங்களுக்கு இது போதும்" என்று சொல்லி, மாதச் சம்பளமாக ஒரு மூடை அரிசிக் காசைக் கொடுப்பவர்கள் யார்? விவாகரத்தான பெண் என்றால் "பேர் கெட்டுடும்" என்று பயப்படுவது யார்?

கதீஜா நாயகி அவர்கள் மக்காவின் பெரிய வியாபாரி. தன் சரக்கை ஷாமுக்குக் கொண்டுபோக ஆள் தேடினார்கள். தகப்பனை இழந்து, தாயை இழந்து, தகப்பனின் சகோதரர் வீட்டில் வளர்ந்த ஓர் இளைஞரை எடுத்தார்கள். அவர்கள் பார்த்தது நம்பிக்கையையும் நேர்மையையும். அந்த இளைஞர்தான் நம் நபி, ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். பெண் முதலாளியாக இருந்து தகுதி பார்த்து ஆள் எடுத்த வரலாறு நமக்கு இருக்கும்போது, நமக்கு அலன் சுகரின் மேசை எதற்கு?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆள் எடுக்கிறவர்களுக்கு: கேள்விகளை முதல் நாளே எழுதிவையுங்கள். வருகிற எல்லாரிடமும் அதையே கேளுங்கள். புள்ளியையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். ஒரு கேள்வி வாயில் வரும்போது இரண்டு விசயம் யோசியுங்கள். இந்தப் பதிலை வைத்து வேலையில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்? இதே கேள்வியை என் மகனிடம், என் மதத்துக்காரனிடம், என் சொந்தக்காரனிடம் கேட்பேனா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் விழுங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு: பொய் சொல்லாதீர்கள், சண்டையும் பிடிக்காதீர்கள். அமைதியாகச் சொல்லலாம்: "சேர், இந்த வேலை நேரத்துக்கு என்னால வர முடியும். வேலையைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்றன்." வெளியே வந்ததும் திகதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன வார்த்தை கேட்டார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். அரச நிறுவனம் என்றால் ஒரு மாதத்துக்குள் வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுங்கள். 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போக உள்ள கால எல்லையும் ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "பிறகு பார்ப்போம்" என்று விட்டால் நாள் போய்விடும்.

பெற்றோருக்கு: வேலை கிடைக்காமல் திரும்பி வந்த பிள்ளையிடம் "நீ என்ன பதில் சொன்னாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன கேட்டார்கள்?" என்றும் கேளுங்கள். பிழை எப்போதும் பதிலில்தான் இருக்கிறது என்று நாம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். கேள்வியிலும் இருக்கலாம்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் கோவில் சபைகளுக்கும் வர்த்தகர் சங்கங்களுக்கும்: ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவில், ஒரு மாதக் கூட்டத்தில் இதைக் கதையுங்கள். வருடத்தில் ஒரு தடவை இரு சமூகத்து வியாபாரிகளையும் ஒரு மேசையில் வைத்து, ஆள் எடுக்கும்போது கேட்கக்கூடாத கேள்விகள் எவை என்று ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். செலவு ஒரு தேத்தண்ணியும் வடையும்தான்.

இந்த மண்ணில் முகாமில் பிறந்த பிள்ளை, பங்கருக்குள் பிறந்த பிள்ளை, அகதிக் கொட்டிலில் பிறந்த பிள்ளை எல்லாரும் இப்போது வேலை கேட்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். எங்கே பிறப்பது என்பதை அவர்கள் தெரிவு செய்யவில்லை. படித்தார்கள், பாஸ் பண்ணினார்கள், பஸ் பிடித்து உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். வேலை தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லி மரியாதையாக அனுப்புங்கள். அதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், நாங்கள் அப்படித்தான் படிப்பித்திருக்கிறோம்.

உங்களிடமும் உங்கள் பிள்ளைகளிடமும் கேட்கப்பட்ட இப்படியான கேள்விகளைக் கீழே எழுதுங்கள். கேட்டவரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதுங்கள். கேட்டவர் வாசிக்கட்டும்.

அல்லாஹ் நம் எல்லாரையும் நீதியின் பக்கம் நிற்க வைப்பானாக.